கிடாருக்கு ஒரு கைப்பேசி, கைப்பேசிக்கு எத்தனை 'பேக்'?

கே.ஜி.கண்டிகை என்ற ஊர்ப்பெயர் சென்னையில் பலருக்குத் தெரியாது. திருத்தணியிலிருந்து சோளிங்கர் போகும் சாலையில் இருக்கும் ஊர் என்று சொன்னால், "முருகன் மலைக்குப் பக்கமா?" என்று கேட்பார்கள். ஆந்திர எல்லை அதிக தூரமில்லை. திருத்தணி 1960 ஏப்ரல் 1-ம் தேதி தமிழகத்தோடு சேர்ந்தது. ஆனால் பேச்சிலும் பாட்டிலும் தமிழும் தெலுங்கும் இன்றைக்கும் சேர்ந்தேதான் புழங்குகின்றன. இப்படிப்பட்ட ஊர்களிலும் இப்போது கிடார் இருக்கிறது. சர்ச்சில் வாசிக்கிறவர்கள், ஆடிக் கிருத்திகை சமயத்தில் ஆர்கெஸ்ட்ராவோடு போகிறவர்கள், யூடியூப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொள்ளும் கல்லூரி மாணவர்கள் என்று வாசிப்பவர்கள் பலவிதம்.

கிடார் இருக்கிறது, சரி. ஆம்ப்? அங்கேதான் சிக்கல். எலக்ட்ரிக் கிடாரின் சத்தத்தில் பாதி அந்தக் கட்டையில் இல்லை, ஆம்ப்ளிஃபயரில்தான் இருக்கிறது. வால்வு வைத்த நல்ல ஆம்ப் ஒன்றின் விலையில் இன்னும் இரண்டு கிடார் வாங்கிவிடலாம். வாங்கினாலும், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் இருக்கும் தெருவில் அதை முழுச் சத்தத்தில் வைத்து யாரும் வாசிக்க முடியாது. ஆர்.கே.பேட்டை, பொதட்டூர்ப்பேட்டை பக்கம் போனால் விசைத்தறிச் சத்தம். பகல் முழுக்கத் தறி ஓட்டிவிட்டுத் தூங்குகிற மனிதரின் வீட்டுக்குப் பக்கத்தில் ராத்திரி பத்து மணிக்கு 'மார்ஷல்' ஆம்ப் முழங்கினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை!

இந்தச் சிக்கலுக்குக் கைப்பேசியில் விடை கிடைத்தது. 2010-ல் இத்தாலியின் ஐகே மல்டிமீடியா நிறுவனம் 'ஐரிக்' என்ற சிறு இணைப்புக் கருவியையும், ஐபோனுக்கான 'ஆம்ப்ளிட்யூப்' செயலியையும் கொண்டுவந்தது. 2011-ல் ஆப்பிளின் 'கராஜ்பேண்ட்' ஐபேடுக்கு வந்தது. அதிலும் கிடார் ஆம்புகளும் பெடல்களும் இருந்தன. பிறகு 'பாசிட்டிவ் கிரிட்' நிறுவனத்தின் 'பயஸ் எஃப்எக்ஸ்', யோனாக்கின் 'டோன்ஸ்டாக்', ஆண்ட்ராய்டில் 'டெப்லைக்' என்று வரிசையாக வந்தன. கிடாரிலிருந்து வரும் மின்னலையை நொடிக்கு 44,100 அல்லது 48,000 முறை அளந்து, ஒரு வால்வு ஆம்ப் அதை எப்படி மாற்றியிருக்குமோ அப்படியே கணக்குப் போட்டு ஹெட்போனில் தருவதுதான் இந்தச் செயலிகளின் வேலை. பக்கத்து வீட்டுக்காரருக்கு நிம்மதி, வாசிப்பவருக்கும் நிம்மதி.

ஆனால் அந்த நிம்மதி கொஞ்ச நாள்தான். செயலி இலவசம் என்று இறக்கினால் உள்ளே இரண்டு மூன்று ஆம்ப், நாலைந்து பெடல் மட்டும் திறந்திருக்கும். மீதி எல்லாவற்றின் மேலும் பூட்டுப் படம். ஒவ்வொன்றையும் தனியாக வாங்கலாம், 'பேக்' ஆக வாங்கலாம், மொத்தமாக வாங்கலாம், மாதச் சந்தா கட்டலாம். "மெட்டல் பேக்", "வின்டேஜ் பேக்", "பேஸ் பேக்", அதற்கு மேல் பிரபலங்களின் பெயர் போட்ட தொகுப்புகள். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பெயரிலும் ஸ்லாஷ் பெயரிலும் ஆம்ப்ளிட்யூப் தனித்தனிச் செயலிகளே வந்தன. கல்யாணச் சாப்பாடு இலவசம், ஆனால் சாம்பாருக்கும் ரசத்துக்கும் தனித்தனியாகக் காசு என்பது போன்ற வியாபாரம் இது. எதை வாங்குவது, எதை விடுவது என்று தெரியாமல் தடுமாறுகிறவர்கள்தான் அதிகம்.

இங்கே சொல்ல வேண்டிய கருத்து ஒன்றுதான். பேக்கின் பெயரைப் பார்த்து வாங்கக் கூடாது, வாசிக்கும் பாட்டைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அப்படிப் பார்த்தால் திருத்தணி வட்டாரத்தில் வாசிக்கிற ஒருவருக்கு ஒரு பேக் போதும். பல பேருக்கு அதுவும் தேவைப்படாது.

முதலில் பெயர்களின் கதையைப் பார்க்கலாம். 1960-களின் தொடக்கத்தில் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் உருவான முதல் ஆம்ப் 'ஜேடிஎம் 45'. அதன் மின்சுற்று அமெரிக்காவின் ஃபென்டர் 'பேஸ்மேன்' ஆம்பைப் பார்த்துச் செய்ததுதான். வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் ஸ்பீக்கரும் மாறின, அதனால் சத்தமும் மாறியது. ஆனால் இரண்டும் ஒரே குடும்பம். செயலிகளில் ஒன்று 'அமெரிக்கன் வின்டேஜ் பேக்'கில் இருக்கும், மற்றது 'பிரிட்டிஷ் கிளாசிக் பேக்'கில் இருக்கும். கற்றுக்கொள்ளும் நிலையில் இருப்பவர் இரண்டையும் வாங்கினால், அண்ணனுக்கும் தம்பிக்கும் தனித்தனியாகக் காசு கொடுத்த கதைதான். இன்னொரு வேடிக்கையும் உண்டு. வர்த்தகப் பெயர் உரிமை காரணமாகப் பல செயலிகள் உண்மையான பெயரைப் போடுவதில்லை. 'பிரிட்' என்று தொடங்கினால் பெரும்பாலும் மார்ஷல் அல்லது வாக்ஸ் வகை, 'ட்வீட்' என்றால் பழைய ஃபென்டர் வகை. 'ஸ்க்ரீமர்' என்று முடிந்தால், 1970-களின் கடைசியில் வந்த ஐபனெஸ் 'ட்யூப் ஸ்க்ரீமர்' என்ற பச்சை நிறப் பெடலின் நகல். இந்தக் குறிப்பு தெரிந்தவருக்கு, தான் வாங்கப்போகும் பேக்கில் இருக்கும் பெடல் ஏற்கெனவே இலவசமாகத் திறந்திருக்கிறது என்பது பல சமயம் புலப்பட்டுவிடும்!

இரண்டாவது, பாட்டு. இந்தச் செயலிகளின் விளம்பரப் படங்களைப் பார்த்தால் எல்லாமே ராக், மெட்டல். கறுப்புச் சட்டை, நீள முடி, உறுமும் டிஸ்டார்ஷன். அதில் தவறில்லை. அந்த நாட்டுச் சந்தைக்கு அது சரி. ஆனால் திருத்தணிப் பக்கத்துத் திருவிழா மேடையில் கேட்கப்படுவது என்ன? 'மூடுபனி' (1980) படத்தின் "என் இனிய பொன் நிலாவே", 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் "இளைய நிலா", அதற்குப் பிறகு வந்த ரகுமான், ஹாரிஸ், யுவன், அனிருத் பாட்டுகள். எல்லைப் பக்கம் என்பதால் நடுவே நாலு தெலுங்குப் பாட்டும் கட்டாயம் உண்டு. இவற்றில் கிடார் பெரும்பாலும் சுத்தமான சத்தத்தில்தான் வருகிறது. கொஞ்சம் கோரஸ், கொஞ்சம் ரிவர்ப், தனியாக வாசிக்கும் இடத்தில் டிலே, எப்போதாவது லேசான ஓவர்டிரைவ். இந்த நான்கும் அநேகமாக எல்லாச் செயலிகளிலும் இலவசமாகவோ மிகக் குறைந்த விலையிலோ கிடைக்கின்றன. ஏழு கம்பி கிடாருக்கான 'ஹை கெயின்' பேக்கைக் காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டு, மேடையில் "இளைய நிலா" வாசிப்பவருக்கு அந்தப் பேக் என்ன செய்யும்?

மூன்றாவது, பலரும் கவனிக்காத ஒன்று. எலக்ட்ரிக் கிடாரின் சத்தத்தை ஆம்பை விட அதிகமாக மாற்றுவது ஸ்பீக்கர் பெட்டியும் அதன் முன்னால் வைத்த மைக்கும்தான். அந்தப் பெட்டியின் குணத்தைப் பதிந்து வைத்த சிறு ஒலிக் கோப்புக்கு 'இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்' என்று பெயர், சுருக்கமாக 'ஐஆர்'. ஸ்பீக்கர் செய்கிற செலஸ்டியன் நிறுவனமே இப்போது இவற்றை விற்கிறது. இலவசமாகவும் ஏராளம் கிடைக்கின்றன. இந்தக் கோப்புகளின் நல்ல குணம், இவை பெரும்பாலும் சாதாரண 'வேவ்' கோப்புகள் என்பதே. செயலி மாறினாலும் போன் மாறினாலும் கணினிக்குப் போனாலும் கூடவே எடுத்துப் போகலாம். ஆகவே ஒரு செயலியில் காசு போடுவதற்கு முன் பார்க்க வேண்டிய முதல் விஷயம், அது வெளியிலிருந்து ஐஆர் கோப்பை ஏற்றுக்கொள்ளுமா என்பதுதான். ஏற்றுக்கொண்டால் பத்து ஆம்ப் கொண்ட பேக்கை விட ஒரு ஆம்பும் ஒரு நல்ல ஐஆரும் அதிகம் உதவும்.

நான்காவது, பேக் வாங்குவதற்கு முன்னால் வாங்க வேண்டியவை. கிடாரின் பிக்கப்புக்கு ஏறக்குறைய ஒரு மெகா ஓம் தடுப்பு உள்ள நுழைவாய் வேண்டும். கைப்பேசியின் மைக் நுழைவாயில் அந்த அளவு கிடையாது, சில ஆயிரம் ஓம்தான். அதனால்தான் நடுவில் ஒரு இணைப்புக் கருவி தேவை. ஹெட்போன் துளையில் செருகும் மலிவான நகல் கருவிகள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. அவற்றில் ஒரு குறை உண்டு. ஹெட்போனுக்குப் போகும் சத்தத்தில் கொஞ்சம் மைக் கம்பிக்குள் கசிந்து திரும்பவும் உள்ளே வரும். சுத்தமான சத்தத்தில் இது தெரியாது. கெயினைக் கூட்டினால் 'கீஈஈ' என்று கத்தத் தொடங்கிவிடும். அதாவது, மலிவுக் கருவி வைத்திருப்பவர் காசு கொடுத்து வாங்கும் மெட்டல் பேக்தான் அவரிடம் மிக மோசமாக ஒலிக்கும்! பிறகு அவர் "இந்தச் செயலி சரியில்லை" என்று இன்னொரு செயலியில் இன்னொரு மெட்டல் பேக் வாங்குவார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே உண்மையிலேயே கூடம்தான் கோணல், ஆனால் மாற்றுவதென்னவோ சலங்கையை. யூஎஸ்பி வழியாக டிஜிட்டலாக இணையும் கருவி ஒன்றை வாங்கினால் இந்தக் கசிவு இல்லை. இப்போது வரும் பல போன்களில் ஹெட்போன் துளையே இல்லை என்பதால் அந்த வழிதான் நிலைக்கும்.

துருப்பிடித்த கம்பியும் அப்படித்தான். ஆறு மாதமாக மாற்றாத கம்பியில் எந்த ஆம்பும் பளிச்சென்று ஒலிக்காது. கம்பி வாங்க மவுண்ட் ரோடு மியூசி மியூசிகல் வரை போக வேண்டியதில்லை. 1842-ல் தொடங்கிய பழம்பெரும் கடை என்றாலும், திருத்தணியிலிருந்து ரயிலில் 80 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். தபாலில் வரவழைத்தாலே போதும். ஒரு பேக்கின் விலையில் பல சமயம் ஒரு செட் கம்பி வந்துவிடும். இரண்டில் எது சத்தத்தை அதிகம் மாற்றும் என்று கேட்டால் கம்பிதான்.

ஐந்தாவது, தாமதம். கம்பியைத் தட்டிய நொடிக்கும் காதில் கேட்கும் நொடிக்கும் இடையில் உள்ள இடைவெளி இது. ஒலி காற்றில் ஒரு நொடிக்கு சுமார் 343 மீட்டர் போகும். ஆகவே ஆம்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்றாலே ஏறக்குறைய 9 மில்லிசெகண்ட் தாமதம் இயற்கையாகவே உண்டு. அது யாரையும் உறுத்துவதில்லை. ஐபோன், ஐபேடுகளில் தாமதம் ஏறக்குறைய இந்த அளவில் அடங்கிவிடும். ஆண்ட்ராய்டில் போனுக்குப் போன் மாறும். போய்த் திரும்பும் மொத்தத் தாமதம் மிகக் குறைவாக இருக்கும் போன்களுக்கு மட்டும் 'ப்ரோ ஆடியோ' என்ற தகுதியை கூகுள் வைத்திருக்கிறது. சாதாரண விலைப் போன்கள் பலவற்றில் அந்தத் தகுதி இருப்பதில்லை. புளூடூத் ஹெட்போன் போட்டால் கேட்கவே வேண்டாம், தாளம் நொண்டியடிக்கும். தாமதமுள்ள போனில் எந்த பேக் வாங்கினாலும் தாமதம் குறையாது. கனமான பேக்குகள் செயலியின் கணக்கு வேலையைக் கூட்டுவதால் 'பஃபர்' அளவை ஏற்ற வேண்டி வந்து, தாமதம் இன்னும் கூடவும் செய்யும். எனவே இலவசமாகத் திறந்திருக்கும் ஆம்பில் வேகமான தாளத்தில் ஒரு வாரம் வாசித்துப் பார்த்து, கை ஒட்டுகிறது என்று உறுதியான பிறகுதான் பணம் என்ற பேச்சையே எடுக்க வேண்டும்.

ஆறாவது, வாங்கியது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி. கடையில் வாங்கிய பெடல் இருபது வருடம் கழித்தும் பெடல்தான். வேண்டாமென்றால் விற்கலாம், தம்பிக்குக் கொடுக்கலாம். செயலிக்குள் வாங்கிய பேக் அப்படியல்ல. ஆண்ட்ராய்டில் வாங்கியது ஐபோனுக்கு வராது. ஒரு செயலியில் வாங்கியது இன்னொன்றில் திறக்காது. 2017-ல் ஐஓஎஸ் 11 வந்தபோது 32 பிட் செயலிகள் எல்லாம் ஓடாமல் நின்றன. புதுப்பிக்கப்படாத செயலிக்குள் காசு கொடுத்து வாங்கியிருந்தவையும் அதோடு போயின. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் போனது போனதுதான். இதனால்தான் பெரிய 'எல்லாம் அடங்கிய' தொகுப்பை விட, தேவையான ஒரு ஆம்பைத் தனியாக வாங்குவது புத்திசாலித்தனம். இழந்தாலும் சிறிய இழப்பாகப் போகும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

மாதச் சந்தா இதிலும் மோசம் என்பதே இந்தக் கட்டுரையின் நிலை. ஆனால் சந்தாவுக்கும் ஒரு நியாயம் சொல்லப்படுகிறது. "ஒரு மாதக் காசில் எல்லாவற்றையும் வாசித்துப் பார்க்கலாமே, அதுவே ஒரு படிப்பல்லவா?" என்பார்கள். ஒரு பாட்டைப் பதிவு செய்ய ஒரு மாதம் மட்டும் எடுத்து, வேலை முடிந்ததும் நிறுத்துகிறவருக்கு அது சரிதான். நடைமுறையில் அப்படி நிறுத்துகிறவர்கள் குறைவு. 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, தானாகக் கழியும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்னதாகவே அறிவிப்பு வர வேண்டும். அந்தக் குறுஞ்செய்தி வந்த அன்றே 'இந்த மாதம் இதை எத்தனை நாள் வாசித்தோம்' என்று கேட்டுக்கொண்டால் பதில் கிடைத்துவிடும். தவறிப்போய் வாங்கிவிட்டால் ஆண்ட்ராய்டில் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடம் பணத்தைத் திருப்பிக் கேட்க வழி இருக்கிறது. இது பலருக்குத் தெரிவதில்லை.

ஏழாவதாக, கசப்பான ஒன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மாணவர்களிடையே புழங்கும் 'மோட் ஏபிகே', அதாவது பூட்டு உடைத்த திருட்டுச் செயலிகள். "காசில்லாதவன் என்ன செய்வான்?" என்ற கேள்வியில் வலி இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் வங்கிச் செயலியும் யூபிஐயும் இருக்கிற அதே போனில், யார் திருத்தியது என்றே தெரியாத செயலியை மைக் அனுமதியோடு உட்கார வைப்பது பெரிய ஆபத்து. அதைவிட முக்கியம், அப்படி எல்லாப் பூட்டையும் உடைத்து நூறு ஆம்பை ஒரே நாளில் பெற்றவர் நன்றாக வாசிக்கத் தொடங்கிவிட்டாரா என்பது. தினமும் அரைமணி நேரம் ஆம்ப் மாற்றிப் பார்ப்பதிலேயே போய்விடுகிறது. காசு கொடுத்து நூறு பேக் வாங்கினவருக்கும் இதே கதிதான். ஐபோன், ஐபேட் வைத்திருப்பவருக்குக் கராஜ்பேண்ட் இலவசம். கணினி இருந்தால் 'நியூரல் ஆம்ப் மாடலர்' என்ற திறமூல மென்பொருள் இலவசம், அதற்கான ஆம்ப் பதிவுகளையும் உலகம் முழுக்க உள்ள கிடார்க்காரர்கள் இலவசமாகப் பகிர்ந்துகொள்கிறார்கள். நேர்மையான இலவசமே இவ்வளவு இருக்கும்போது திருட்டு எதற்கு?

இந்த வட்டாரத்துக்கு இசையில் ஒரு பழைய பாடமும் உண்டு. முத்துசாமி தீட்சிதர் தன் முதல் கீர்த்தனையைத் திருத்தணி முருகன் மீதுதான், மாயாமாளவகௌளை ராகத்தில் பாடினார் என்பது மரபு. அதே தீட்சிதர் வெள்ளைக்காரர்களின் பேண்டு இசை மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சம்ஸ்கிருத சாகித்யம் எழுதி 'நோட்டுஸ்வர'ங்களாகவும் ஆக்கினார். வெளியிலிருந்து வந்ததை அவர் ஒதுக்கவில்லை, அப்படியே விழுங்கவும் இல்லை. தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார். ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்த மாண்டலின் யு.ஸ்ரீநிவாஸ், இரட்டைக் கம்பிகள் கொண்ட மாண்டலினை விட்டு ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட எலக்ட்ரிக் மாண்டலினில் கர்நாடக சங்கீதத்தை வாசித்தார். கமகத்துக்குத் தடையாக இருந்ததைக் குறைத்தார், அவ்வளவுதான். இராணிப்பேட்டையில் பிறந்த கிடார் பிரசன்னா எலக்ட்ரிக் கிடாரிலேயே கீர்த்தனைகளை வாசிக்கிறார். கமகம் கேட்க வேண்டுமானால் சுரம் நீண்டு நிற்க வேண்டும். அதற்குத் தேவைப்படுவது ஒரு 'கம்ப்ரஸர்', கொஞ்சம் ரிவர்ப். கமகம் வாசிக்க விரும்பும் மாணவர் பூட்டுப் படங்களின் நடுவே தேட வேண்டியது நல்ல கம்ப்ரஸரைத்தான். 'கர்நாடிக் பேக்' என்று ஒன்றை யாராவது விற்பார்களா என்று காத்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே வரிசை இப்படி இருந்தால் நல்லது. முதலில் புதுக் கம்பி, நல்ல கேபிள். அடுத்து டிஜிட்டல் இணைப்புக் கருவி. பிறகு இலவச ஆம்பில் மூன்று மாதம், பத்துப் பாட்டு. அந்தப் பத்துப் பாட்டில் எந்த இடத்தில் இலவசச் சத்தம் போதவில்லை என்று ஒரு தாளில் எழுதி வைத்தால், வாங்க வேண்டிய பேக்கின் பெயரை அந்தத் தாளே சொல்லிவிடும். தாளில் ஒன்றும் எழுத வரவில்லையென்றால் வாங்க வேண்டியதும் ஒன்றுமில்லை. செயலி செய்தவர்களின் உழைப்பு பெரியது, அவர்களுக்குக் காசு போய்ச் சேரத்தான் வேண்டும். ஆனால் அது தேவை தெரிந்து கொடுத்த காசாக இருக்கட்டும். ஆசைப்பட்டு வாங்கிய பேக் வாங்கிய வாரத்திலேயே பழசாகிவிடுகிறது. பாட்டுக்காக வாங்கிய ஒரு ஆம்ப், அந்தப் பாட்டைக் கேட்க ஆள் இருக்கும் வரை மேடைக்கு வந்துகொண்டிருக்கும்.